மாமாவின் பன்றிப் பெட்டி

தீயை மேலே வைத்துக் கறியைக் கீழே வைத்தாலும் வேகும் என்று எங்கள் பக்கத்தில் சொன்ன ஒரே ஆள் என் மாமாதான். அம்மாவின் தம்பி. மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ஒரு ஹோட்டலின் சமையற்கட்டில் அவருக்கு வேலை. அங்கே ஒரு தடவை வெளிநாட்டுக்காரர்கள் சிலர் மரப்பெட்டி ஒன்றுக்குள் முழுப் பன்றியைப் படுக்க வைத்து, மூடியின்மேல் அடுப்புக்கரியைக் கொட்டிப் பற்றவைத்து, நாலு மணி நேரம் கழித்து முறுகலாக வெளியே எடுத்தார்களாம். மாமா அந்தப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, ஒரு பில்லின் பின்பக்கத்தில் படம் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். என் புதுநன்மைக்கு அதே போல் ஒன்று கட்டி முழுப் பன்றி சுடப்போவதாக அம்மாவிடம் அறிவித்தார்.

புதுநன்மை என்பது மாதா கோயிலில் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்குகிற நாள். எனக்கு அப்போது பத்து வயது. அந்தப் பெட்டியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கோபம் பெட்டிமேல் இல்லை. யார் யார்மேல் என்பதைச் சொல்லிக்கொண்டே வருகிறேன். பட்டியலில் நானும் இருக்கிறேன்.

பன்றியும் மாமா வளர்த்ததுதான். அதற்கு நான் பெயர் வைத்தேன், வெட்டும்போது கட்டிப்பிடித்து அழுதேன் என்றெல்லாம் யாரும் எதிர்பார்க்க வேண்டாம். அது என்னைக் கண்டால் உறுமும், நான் அதைக் கண்டால் ஓடுவேன். எங்களுக்குள் அவ்வளவுதான் உறவு.

செய்யூருக்கு உள்ளே தள்ளி இருக்கிற ஊர் எங்களுடையது. அம்மாவும் அப்பாவும் ஒரே தெருவில் பிறந்தவர்கள். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டும் கடலைக்காய் பிடுங்கியும் வயிறு வளர்த்தவர்கள். அப்பா படித்தார். கடற்கரைப் பக்கம் இருக்கிற ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை கிடைத்தது. செங்கல்பட்டில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்தார். எடுத்த அன்றே வீட்டில் சட்டம் போட்டார். 'இன்னா' என்று பேசக்கூடாது, 'வூடு' என்று சொல்லக்கூடாது, பன்றிக்கறி வாசலைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. கடைசிச் சட்டத்தை அம்மா சுலபமாகக் கடைப்பிடித்தாள். முதல் இரண்டும் அவளுக்கு வரவில்லை. அதனால் அவள் பேசுவதையே குறைத்துக்கொண்டாள். கீழ்வீட்டு அம்மாள் என் அம்மாவை ரொம்ப அடக்கமான பெண் என்று புகழ்வார்.

அப்பாவின் பயம் சும்மா வந்ததில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். பன்றிக்கறி தின்பேன் என்று எங்கள் பக்கத்தில் ஒருவன் சொன்னால் அடுத்த கேள்வி ருசியைப் பற்றி வராது. எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு என்றுதான் வரும். அதற்குப் பதில் சொல்லிவிட்டால் பிறகு கேள்வி வராது, குடிக்கத் தண்ணீரும் வராது. நாலாம் வகுப்பில் நான் ஒருநாள் வாய் தவறி, ஞாயிற்றுக்கிழமை ஊரில் என்ன தின்றேன் என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிவிட்டேன். அவள் தன் டிபன் பாக்ஸை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் எங்கள் வீட்டு ரகசியத்தை அப்பாவைவிட நான்தான் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காத்தேன்.

மாமாவின் ஹோட்டலில் அதே பன்றிக்கறியை மணலில் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்துப் பரிமாறினார்கள். தின்றவர்களிடம் யாரும் தெருவைக் கேட்கவில்லை. இது எனக்கு அப்போது தோன்றவில்லை. தோன்றிய நாளிலிருந்து அந்தச் சாலையில் போகும் போதெல்லாம் அந்த ஹோட்டல் பக்கம் திரும்பி முறைத்துவிட்டுத்தான் போகிறேன்.

பெட்டி கட்ட மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. அப்பாவிடம் ஊர்க் கோயிலில் மறைக்கல்வி வகுப்பு என்று சொல்லிவிட்டு அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுவாள். கல்யாண மேடை ஒன்றைப் பிரித்தபோது கிடைத்த பிளைவுட் பலகைகளை மாமா வாங்கி வைத்திருந்தார். உள்பக்கம் முழுக்கத் தகரம் அடித்தார். பலகைக்கும் தகரத்துக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டு மணலைக் கொட்டினார். அடியில் கொழுப்பு வடிய ஒரு தட்டு, அதற்குமேல் பன்றியைப் பிளந்து விரித்துப் படுக்க வைக்கக் கம்பி வலை. மூடிதான் முக்கியம். நாலு பக்கமும் விளிம்பு மடித்த பெரிய தகரத் தட்டு அது, கரி முழுக்க அதன்மேல்தான். அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு தகரத்தை அழுத்திப் பிடிப்பாள், மாமா ஆணி அடிப்பார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு சிரிப்பார்கள். செங்கல்பட்டு வீட்டில் அம்மா அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. எனக்கு அது பிடிக்கவுமில்லை. சத்தம் ரொம்ப அதிகமாக இருப்பதாகப் பட்டது.

தெருவில் யாருக்கும் இதில் நம்பிக்கையில்லை. எங்கள் தெருவில் பன்றி அடித்தால் உடனே வெட்டி, பனையோலையில் சமமாகக் கூறு வைப்பார்கள். யாருக்கு எந்தக் கூறு என்பதில்தான் பாதிச் சண்டையே. முழுசாகச் சுட்டால் கூறு எப்படிப் போடுவது என்று ஆளாளுக்குக் கவலைப்பட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வேலி ஓரம் வந்து நின்று கேட்டார்.

"இன்னாடா, பொட்டி செஞ்சிகினு கீற? யார அடக்கம் பண்ணப் போற?"

"உன்னத்தான் அண்ணாத்த. உள்ள படுத்துப் பாரு, அளவு சரியா கீதான்னு."

அம்மா சிரித்த சிரிப்பில் பிடித்திருந்த தகரம் கைநழுவியது. நான் மட்டும் சிரிக்கவில்லை. முழுப் பன்றி என்றால் தலை, காது, வால் எல்லாமும். ஒரு துண்டு கறியென்றால் ஆடு என்று சொல்லித் தப்பிக்கலாம், தலையோடு கிடப்பதை என்னவென்று பூசி மெழுகுவது. அன்று இரவே அப்பாவிடம் எல்லாவற்றையும் போட்டுக்கொடுத்தேன்.

ஊர்க் கோயிலில் பூசை, மாமா வீட்டு வாசலில் பந்தல் போட்டு விருந்து என்று முடிவாகியிருந்தது. அப்பா தன் ஆபீசரையும் அவர் மனைவியையும் ஏற்கெனவே அதற்கு அழைத்திருந்தார். அவர்களுக்குக் கோழி பிரியாணி என்று ஏற்பாடு. மறுநாளே வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனார், நானும் பின்னால் உட்கார்ந்து போனேன். செங்கல்பட்டில் பேசுகிற பேச்செல்லாம் அன்று அவரிடமிருந்து கழன்று விழுந்தது.

"இன்னாடா நென்ச்சிகினு கீற நீ? என் ஆபீசர் வர்றாரு. நீ பன்னிய படுக்க வெச்சிகினு நிப்பியா?"

மாமா பெட்டியை வீட்டுக்குப் பின்னால் சவுக்கு வேலி ஓரம் வைத்துக்கொள்வதாகவும், ஆபீசர் கிளம்பிய பிறகுதான் திறப்பதாகவும், கரியில் புகையே வராது என்பதால் முன்பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது என்றும் சொன்னார். அப்பா அரைமனதாகச் சம்மதித்தார். புகை வராது என்பது உண்மைதான். வாசனை வரும் என்று அத்தனை பேரில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை.

புதுநன்மை நாள் காலையில் வெள்ளை கவுனும் தலையில் துணிப்பூ கிரீடமுமாகக் கோயிலுக்குப் போனேன். முட்டிபோட்டு, கண்ணை மூடி, நாக்கை நீட்டி அப்பம் வாங்கினேன். பூசை முடிந்து வந்தபோது மாமா பெட்டியைப் பற்றவைத்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. பூண்டு, மிளகு, எலுமிச்சைச் சாறு எல்லாம் கலந்த உப்புத் தண்ணீரை ஊசியால் கறிக்குள் முந்தின நாளே ஏற்றியிருந்தார். மூடியை ஒரு தடவை தூக்கிப் பார்த்தாலும் சூடு போய்விடும் என்று யாரையும் கிட்டே விடவில்லை.

பந்தலில் ஆபீசரும் மனைவியும் பிரியாணிக்கு முன்னால் உட்கார்ந்தபோது கடல்காற்று திரும்பியது. கொழுப்பு உருகிப் பூண்டோடு பொரிகிற வாசனை பந்தலுக்குள் வந்து உட்கார்ந்தது. பிரியாணி அதன் முன்னால் காணாமல் போனது. ஆபீசரின் மனைவி இலையிலிருந்து நிமிர்ந்து, அது என்ன இவ்வளவு நல்ல வாசனை என்று கேட்டார். அப்பா ஏதோ உளறினார். அந்த அம்மாள் நல்ல மாதிரி. கை கழுவிவிட்டுப் பின்னால் போய்ப் பார்க்கலாம் என்று எழுந்தார்.

அப்பா அசையாமல் நின்றார். நான் நிற்கவில்லை. வீட்டுக்குள் புகுந்து பின்வாசல் வழியாக ஓடினேன். அங்கே பாத்திரம் கழுவ வைத்திருந்த டிரம்மில் ஒரு வாளித் தண்ணீர் மொண்டு, தூக்க முடியாமல் தூக்கி, பெட்டியின் மூடிமேல் ஊற்றினேன்.

கரி சீறியது. சாம்பலும் ஆவியும் ஆளுயரத்துக்குக் கிளம்பின. அடுத்த வாளிக்குத் திரும்பியவளை மாமா பின்னாலிருந்து இழுத்தார்.

"ஆவி அடிக்கும் பாப்பா. தள்ளி வா."

அவ்வளவுதான் சொன்னார். என்னை இழுத்ததில் அவர் முழங்கை மூடியில் பட்டுத் தோல் வழன்றது. திட்டவில்லை, ஏன் செய்தாய் என்று கேட்கவுமில்லை. அவர் அன்றைக்கு என்னை ஓர் அறை அறைந்திருந்தால் என் பாரம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

சத்தம் கேட்டு எல்லோரும் பின்னால் வந்துவிட்டார்கள். ஆபீசர் பெட்டியைப் பார்த்தார், அதற்குள் என்ன என்று கேட்டார். தெருக்காரர் யாரோ பன்றி என்று சொன்னார்கள். ஒரு நிமிடம் முன்பு வாசனையைப் புகழ்ந்த அம்மாள் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். அப்பா வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு, செங்கல்பட்டுப் பேச்சில், நிதானமாகச் சொன்னார்.

"அது அவங்க வீட்டுப் பழக்கம் சார். நாங்க இதெல்லாம் சாப்பிடுறதில்லை."

அவங்க என்று சொன்னபோது கை அம்மாவைக் காட்டியது. நாங்க என்று சொன்னபோது என் தோளில் வந்து விழுந்தது. மூன்று வீடு தள்ளிப் பிறந்தவர், அந்தக் கூறுக்குச் சட்டி எடுத்துக்கொண்டு வரிசையில் நின்று வளர்ந்தவர். தெருவே நின்று கேட்டுக்கொண்டிருந்தது. அப்பாமேல் எனக்கு இருக்கிற கோபத்தில் பாதிக்கு அந்த ஒரு வாக்கியம் போதும். மீதிப் பாதியை அவருடைய பயத்தை நினைத்து அவ்வப்போது தள்ளுபடி செய்கிறேன். இந்த ஒன்றைத் தள்ள முடியவில்லை.

அம்மா மாமாவிடம் கண்ணைக் காட்டினாள். இரண்டு பேரும் சாக்குத் துணியைப் பிடித்து மூடியை இறக்கினார்கள். ஒரு பக்கம் சாம்பல் தண்ணீர் வழிந்து கறியெல்லாம் கறுத்துக் கிடந்தது. தொடை இன்னும் பச்சை. விலாப்பக்கம் மட்டும் நன்றாக வெந்து பொன்னிறமாக இருந்தது. அம்மா அங்கே கைவைத்துப் பிய்த்து, எல்லோர் முன்னாலும் நின்றபடி வாயில் போட்டு மென்றாள். விழுங்கிவிட்டு ஆபீசரைப் பார்த்தாள்.

"இது எங்க வூட்டு கறி சார். நானும் இவுரும் இத்த துன்னு வளந்தவங்கதான்."

அவர் அப்படியா என்றார். பத்து நிமிடத்தில் அவர்களுடைய கார் கிளம்பியது.

அதற்கப்புறம் நடந்தவை பெரிய விஷயங்கள் இல்லை. தெருக்காரர்கள் பன்றியை வெட்டிக் கழுவி, ஓலையில் கூறு போட்டுக் குழம்பு வைத்துக்கொண்டார்கள். அப்பாவின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆபீசர் அதைப் பற்றிப் பேசவேயில்லையாம். அவர் பேசாததையே நினைத்து அப்பா பல மாதம் புழுங்கினார். மாமா அந்தப் பெட்டியில் மறுபடி எதையும் சுடவில்லை, மூடியைக் கழற்றிவிட்டுக் கோழி அடைத்தார். முழங்கையில் அந்தத் தழும்பு இருக்கிறது. என்னைக் கண்டால் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொள்வார். அம்மா மட்டும் மாறிப்போனாள். செங்கல்பட்டு மாடியிலிருந்து கீழ்வீட்டுக்குக் கேட்கிற மாதிரி இன்னா, வூடு என்று பேச ஆரம்பித்தாள். கீழ்வீட்டு அம்மாள் அவளை அடக்கமான பெண் என்று சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

இதையெல்லாம் நான் சொல்வது இன்னொன்றைத் தள்ளிப்போடத்தான். கார் கிளம்புவதற்கு முன்னால் ஒன்று நடந்தது.

அம்மா விலாவிலிருந்து இன்னொரு துண்டு பிய்த்தாள். எலும்பிலிருந்து உரித்து, ஊதி ஆறவைத்து, சாம்பல் அப்பிய கவுனோடு அப்பாவின் கைக்குக் கீழே நின்ற என் வாயருகில் கொண்டுவந்தாள். "துன்னு" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். காலையில் கோயிலில் சாமியார் அப்பத்தை நீட்டியபோது கண்ணை மூடி நாக்கை நீட்டியவள் நான். இப்போது உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினேன். பிறகு அப்பாவின் பேச்சிலேயே சொன்னேன்.

"நாங்க இதெல்லாம் சாப்பிடுறதில்லை."

அம்மா கையை இறக்கவில்லை. அது அப்படியே என் முகத்துக்கு முன்னால் நின்றது, விரலிலிருந்து எண்ணெய் சொட்டியது. நான் சொன்னது அவளுக்குக் காதில் விழவில்லையாக்கும் என்று நினைத்தேன். அதனால் இன்னொரு தடவை, இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.