முட்டி தூக்கும்போது

என் தம்பியோடு மூன்று வருடம் பேசவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை தோறும் அவனோடு சண்டை போட்டேன். டிவியில்.

நான் டிப்பர் ஓட்டுகிறேன். அரியலூரைச் சுற்றியுள்ள சுரங்கங்களிலிருந்து ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் கொண்டு போகும் வேலை. எட்டாவது வரை படித்தேன். தம்பி ஆறு வயது இளையவன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டுத் துபாய் போனான். அங்கே ஏசி மெக்கானிக். அப்பா இருந்தபோது ஒரு லீவில் வீடியோ கேம் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் வீட்டு டிவியில் மாட்டினான். அதே மாதிரி இன்னொன்றை அங்கே தன் அறையில் வைத்திருந்தான். இரண்டு பேர் எதிரெதிரே நின்று அடித்துக்கொள்கிற ஆட்டம். நெட் இருந்தால் அவன் அங்கிருந்தும் நான் இங்கிருந்தும் ஆடலாம்.

அப்பா கட்டிலில் படுத்துக்கொண்டு பார்ப்பார்.

"ஏண்டா, செத்தவன் திரும்பத் திரும்ப எந்திரிக்கிறான். இதுல ஜெயிச்சா என்ன, தோத்தா என்ன?" என்பார்.

அப்பா ஒரு விடியற்காலை இறந்தார். தம்பிக்குச் சொன்னோம். மூன்று மணிக்குத் திருச்சியில் இறங்கிவிடுவேன், ஐந்துக்குள் வீட்டில் இருப்பேன் என்றான். ஐந்து ஆயிற்று. அவன் போன் அணைந்தே கிடந்தது. பொழுது சாய்ந்த பிறகு எடுக்கக் கூடாது என்று பங்காளிகள் சொன்னார்கள். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஐந்தே முக்காலுக்கு "எடுங்க" என்றேன்.

தம்பி ஏழு மணிக்கு வந்தான். விமானம் தாமதம். டாக்சியை விட்டு இறங்கி நேராகச் சுடுகாட்டுக்கு நடந்து வந்தான். நெருப்பு நன்றாகப் பிடித்திருந்தது.

"ஒன்னே கால் மணி நேரம்" என்றான். அவன் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். காரியம் முடியும்வரை இருந்தான். பிறகு பெரம்பலூரில் இருக்கும் அவன் மனைவி வீட்டுக்குப் போய், அங்கிருந்தே விமானம் ஏறிவிட்டான்.

ஏழு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. முதல் ஷிப்ட் முடிந்து வந்து பெட்டியைப் போட்டேன். திரையில் அவனிடமிருந்து ஆட்டத்துக்கு அழைப்பு வந்திருந்தது. தெரிந்து அனுப்பினானா, கை பட்டுப் போனதா தெரியவில்லை. சரி என்று அழுத்தினேன். ஆடினோம். அதில் பேசுவதற்கு மைக் உண்டு. அவனும் போடவில்லை, நானும் போடவில்லை. அவன் ஒன்பது ஆட்டம் ஜெயித்தான். அடுத்த வெள்ளியும் மூன்று மணிக்கு அழைப்பு வந்தது.

அவன் ஜெயித்தது ஒரே ஒரு வித்தையால். நான் உதைப்பேன். கால் படும் நேரத்துக்குச் சரியாக அவன் ஒரு பொத்தானைத் தட்டுவான். ணங்கென்று ஒரு சத்தம். என் ஆள் சிலையாக நின்றுவிடுவான். அப்புறம் அவன் இஷ்டத்துக்கு அடிப்பான். பொத்தானை முன்கூட்டியே அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தால் இது நடக்காது. சரியான நேரத்தில் ஒரே தட்டு. முந்தினால் கை காற்றில் போகும், உதை விழும். பிந்தினாலும் உதை விழும்.

அதைப் பழக நினைத்தேன்.

ஆட்டத்துக்குள் பழகுவதற்கென்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே ஒரு பொம்மை நிற்கும். என்ன உதை வேண்டுமோ அதை நாமே பதிந்து வைக்கலாம். பொம்மை அதையே திரும்பத் திரும்ப உதைக்கும். முதலில் முட்டி தூக்கும். பிறகு கால் விரியும். பிறகு பாதம் விலாவில் படும். பாதம் படும்போது தட்ட வேண்டும்.

இருபது புளியங்கொட்டை எடுத்துக்கொண்டேன். இரண்டு கிண்ணம். ஒரு தட்டு சரியாக விழுந்தால் ஒரு கொட்டை அந்தப் பக்கம் போகும். தவறினால் எல்லாம் பழைய கிண்ணத்துக்கே திரும்பும்.

"என்னங்க, பல்லாங்குழியா?" என்று கேட்டாள் மனைவி. "அதுக்குக் குழி வேணும். வெட்டித் தரவா?"

முதல் வாரம் மூன்று கொட்டை தாண்டவில்லை. கண்ணால் பார்த்துவிட்டுத் தட்டினேன், அதனால் பிந்தியது. டிப்பர் கொட்டும்போது முதல் கல் உருளுகிற சத்தத்துக்கே கை லீவருக்குப் போய்விடும். பார்த்துவிட்டுப் போவதில்லை. அது நினைவுக்கு வந்த பிறகு கொஞ்சம் சரியானது. இரண்டு மாதத்தில் இருபதும் மாறியது.

வெள்ளிக்கிழமை தம்பி உதைத்தான். தட்டினேன். உதை விழுந்தது. மறுபடியும் தட்டினேன். விழுந்தது. பொம்மையிடம் இருபதும் சரியாகத் தட்டியவன் தம்பியிடம் ஒன்றுகூடச் சரியாகத் தட்டவில்லை.

நான்கு வாரம் கழித்துத்தான் காரணம் புரிந்தது. நான் இங்கே தட்டுவது அங்கே போய்ச் சேர நேரம் ஆகிறது. கண் சிமிட்டுவதில் பாதிகூட இருக்காது. ஆனால் இந்த ஆட்டத்துக்கு அது நிறைய. பாதம் படும்போது தட்டினால் துபாய்க்குப் பிந்திவிடும். முட்டி தூக்கும்போதே தட்ட வேண்டும்.

பொம்மையை விட்டுவிட்டு வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பழகினேன். கை மெல்ல மெல்ல முன்னால் நகர்ந்தது. ஒரு நாள் ணங்கென்றது. திரையில் தம்பியின் ஆள் சிலையாக நின்றான். நான் அடிக்க மறந்துவிட்டேன். அதற்குப் பிறகு பத்துக்கு நாலு நான் ஜெயித்தேன்.

"ஊமைச் சண்டை" என்பாள் மனைவி. "ஊரெல்லாம் போன்ல திட்டிக்கிறாங்க. நீங்க பட்டன அமுக்கித் திட்டிக்கிறீங்க."

இரண்டு வருடத்துக்கு மேல் இப்படிப் போயிற்று. இந்த வருடம் தம்பி லீவில் வந்தான். எனக்குச் சொல்லவில்லை. அவன் மனைவி என் மனைவியிடம் சொன்னாள். அப்பா பேரில் இருந்த நிலத்தின் பட்டாவை மாற்ற நாங்கள் இருவரும் நேரில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்காக மட்டும் அரியலூர்ப் பக்கம் வருகிறான் என்றாள். கையெழுத்து ஆகிவிட்டால் அவன் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதற்கு வேறு காரியம் எதுவும் இல்லை. எனக்கு அது தெரியும். அவனுக்கும் தெரியும்.

வி.ஏ.ஓ. ஆபீஸ் வாசலில் நின்றோம். அவன் வேப்பமரத்தடியில். நான் பைக் பக்கத்தில். வி.ஏ.ஓ. வெளியே நில அளவை வேலையில் இருந்தார். மூன்றரைக்கு வரச் சொல்லிப் போனில் சொன்னார். மணி அப்போது ஒன்று.

மனைவி என் போனில் கூப்பிட்டாள். தம்பியிடம் கொடுக்கச் சொன்னாள். போனை நீட்டினேன். வாங்கிக்கொண்டான். அவள் குரல் எனக்கே கேட்டது.

"வாங்க தம்பி. கருவாட்டுக் குழம்பு வச்சிருக்கேன். உங்க அண்ணன் மூஞ்சியப் பாக்க வேணாம். செவுத்தப் பாத்துச் சாப்புடுங்க."

"சரிங்க அண்ணி" என்றான்.

வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தான். சாப்பிட்டான். இரண்டாவது முறை குழம்பு கேட்டு வாங்கினான். அப்பா கட்டில் இருந்த இடத்தைப் பார்த்தான். அங்கே இப்போது அரிசி மூட்டை இருந்தது. டிவி பக்கத்தில் கிண்ணம் இரண்டைப் பார்த்தான்.

"இது என்ன அண்ணி?"

"அதுவா? உங்க அண்ணன் ஒதை வாங்குற கணக்கு."

தம்பி லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. மணி இரண்டு ஆகவில்லை. இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. இருவருக்கும் வேறு வழி தெரியவில்லை. பெட்டியைப் போட்டேன். ஒரு ஜாய்ஸ்டிக்கை அவன் பக்கம் வைத்தேன். எடுத்துக்கொண்டான்.

ஒரே டிவி. பக்கத்தில் பக்கத்தில் நாற்காலி. அவன் உதைத்தான். தட்டினேன். உதை விழுந்தது. நான் உதைத்தேன். அவன் தட்டினான். அவனுக்கும் விழுந்தது. இரண்டாவது ஆட்டமும் அப்படியே. இருவரும் பொத்தானைத் தட்டித் தட்டி உதை வாங்கினோம்.

மனைவி அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"என்ன தம்பி, ரெண்டு பேரும் காத்துல கைய வீசுறீங்க? கொசு அடிக்கிறீங்களா?"

"முன்னாடியே தட்டுற" என்றான் தம்பி. திரையைப் பார்த்தபடிதான் சொன்னான். என்னிடம்தான் சொன்னான்.

"நீயும்தான்" என்றேன்.

"அங்கேருந்து ஆடி ஆடிப் பழகிடுச்சு. இங்க நடுவுல நெட்டு இல்லல்ல. படும்போதுதான் தட்டணும்."

"தெரியும். கை கேக்க மாட்டேங்குது."

அவன் ஆட்டத்தை நிறுத்தினான். பழகும் இடத்துக்குப் போனான். ஒரு உதையைப் பதிந்தான். கொஞ்சம் விட்டு இன்னொன்று. நிறைய விட்டு மூன்றாவது. பொம்மை என் ஆளை உதைக்க ஆரம்பித்தது.

"முட்டியப் பாக்காத. விட்டுடு. பாதத்தப் பாரு. பொறு… பொறு… ம்."

பிந்தியது.

"பொறு… ம்."

முந்தியது. மூன்றாவது உதைக்கு முன்னால் பொம்மை சும்மா நிற்கும். அதில்தான் நான் ஒவ்வொரு முறையும் முந்தினேன்.

"சும்மா நிக்குதுல்ல, அதுக்குள்ள ஏன் தட்டுற? நிக்கட்டுமே. உனக்கு என்ன?" அவன் குரல் மாறியது. "அன்னைக்கும் நின்னிருக்கலாம்ல. ஒன்னே கால் மணி நேரம்."

பொம்மை உதைத்துக்கொண்டிருந்தது. என் ஆள் விழுந்து எழுந்தான்.

மூன்று வருடமாக இதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. பொழுது சாய்ந்தது, பங்காளிகள் சொன்னார்கள், உன் போன் அணைந்து கிடந்தது. சுரங்கத்துக்குப் போகும் வழியில் வண்டிக்குள் பல முறை சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

"நின்னிருக்கலாம்" என்றேன்.

அவன் திரும்பிப் பார்த்தான்.

"பங்காளிங்க சொன்னாங்கன்னு சொல்லுவேன்னு பாத்தேன்."

"சொன்னாங்க. எடுங்கன்னு சொன்னது நான்தான்."

அவன் ஜாய்ஸ்டிக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மனைவி டீ கொண்டுவந்து இருவர் நடுவிலும் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உள்ளே போனாள். அவள் பேசாமல் போனது அன்று அந்த ஒரு தடவைதான்.

டீ ஆறிய பிறகு குடித்தான்.

"மணி மூணேகால். கெளம்பணும்ணே" என்றான்.

போனோம். கையெழுத்துப் போட்டோம். பஸ் ஸ்டாண்டில் அவனைப் பெரம்பலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாக, "வெள்ளிக்கிழம பெரம்பலூர்லதான் இருப்பேன். பெட்டியக் கொண்டாந்திருக்கேன். அங்க நெட்டு எப்படின்னு தெரியல" என்றான். நான் தலையாட்டினேன்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத் திரையில் அழைப்பு வந்தது. விரல் பொத்தான் மேல்தான் இருந்தது. அழுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் அழைப்பு மறைந்தது. இரண்டு நிமிடம் கழித்துப் போன் அடித்தது.

"என்னண்ணே, எடுக்கல? கரண்ட்டு இல்லையா?"

"இருக்கு. நேர்ல வா."

"இப்பக் கெளம்பினா அஞ்சு ஆயிடும். பஸ்ஸு எப்ப வருமோ. அதுக்கு மேலயும் ஆவும்" என்றான்.

"ஆவட்டும். இருக்கேன்."

வைத்துவிட்டான். வருகிறேன் என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

பழகும் இடத்துக்குப் போனேன். அவன் பதிந்துவிட்டுப் போனது அப்படியே இருந்தது. ஒரு உதை. கொஞ்சம் விட்டு ஒன்று. நிறைய விட்டு ஒன்று. கொட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டேன். ஐந்து ஆயிற்று. ஐந்தரை ஆயிற்று. ஐந்தே முக்காலுக்கு மனைவி வந்து வாசலைப் பார்த்தாள். "போன் போட்டுப் பாக்கவா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அவள் விளக்கை ஏற்றினாள்.

அவன் வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. பன்னிரண்டு கொட்டை மாறியிருந்தது.

"பஸ்ஸு லேட்டுண்ணே" என்றான்.

"செருப்ப உள்ள தள்ளிப் போடு. நாய் தூக்கிடும்" என்றேன்.