கிண்ணியாப் பாலத்துக்கு அளவெடுத்த சைக்கிள்

ஆளுக்கு அளவெடுத்து மின்சார சைக்கிள் வடிவமைக்கிற தொழிலில் வாடிக்கையாளர் இரண்டு வகை: “இதுக்கு ஒரு மோட்டார்சைக்கிளே வாங்கலாமே” என்று வந்ததும் சொல்கிறவர்கள் ஒரு வகை, தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு அதையே சொல்கிறவர்கள் மற்ற வகை.

கல்யாணத்துக்கு முதல் நாள் சட்டையைப் பிரித்துத் தைத்த தையற்காரர்களே, குசினியை மூன்றாம் தரமும் இடம் மாற்றி வீட்டுப் படம் கீறிக் கொடுத்தவர்களே, கேக்கில் எழுதிய பெயரை அழித்து வேறு பெயர் எழுதியவர்களே, நான் உங்கள் கட்சி. ஒருவருக்கென்றே ஒரு பொருளைச் செய்து கொடுக்கிற வேதனை, கடையில் அடுக்கி வைத்து விற்கிறவர்களுக்கு விளங்காது.

நான் திருகோணமலைப் பாலையூற்றுக்காரன். துபாயில் ஒரு கப்பல் பட்டறையில் பன்னிரண்டு வருடம் வரைபடம் கீறிவிட்டு ஊருக்கு வந்து இறங்கினேன். நாட்டில் பெற்றோல் தீர்ந்துபோனது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று நான் சொல்வேன், இருக்கிறது என்று என் மனைவி சொல்வாள். ஊரே வரிசையில் நின்ற அந்த மாதங்களில்தான், ஓர்ஸ் ஹில் அடிவாரத்தில் உள்துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த ரஃபீக் நானாவின் பட்டறையில் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டேன். நானா படகுகளுக்கு அலுமினியம் வெல்டிங் செய்கிறவர். நான் கீறுவேன், அவர் ஒட்டுவார். பழைய சைக்கிளில் மட்டமான மோட்டாரைக் கட்டிக் கொடுக்கிற வேலை எங்களுக்கு வேண்டாம், செய்தால் முதல் தரம்தான் என்று இருவரும் முடிவெடுத்தோம். கையில் ஒரு ஓடரும் இல்லாதபோது இப்படியான முடிவுகளை மிகச் சுலபமாக எடுக்கலாம்.

எதிர்காற்று

எங்கள் முதல் வாடிக்கையாளர் ஃபரீதா டீச்சர். வீடு கிண்ணியாப் பாலத்துக்கு அப்பால் குறிஞ்சாக்கேணியில், படிப்பித்தது திருகோணமலை நகரத்தில் ஒரு பாடசாலையில், உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல். ஒரு வழிக்கே இருபது கிலோமீற்றர். டீசல் தட்டுப்பாட்டில் பஸ் வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை என்றாகிவிட்டது. முதல் பாடம் ஏழரைக்கு, தினமும் பௌதிகம். டீச்சர் எட்டரைக்கும் ஒன்பதுக்கும் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தார். அதிபர் நல்ல மனிதர், ஆனால் அவரும் என்ன செய்வார்? “இந்தத் தவணை முடியுமட்டும் பார்ப்பேன். பிறகும் இப்படியென்றால் வகுப்பை நிறுத்திப் பிள்ளைகளை வேறு பாடத்துக்கு மாற்றத்தான் வேணும்” என்று சொல்லிவிட்டார். இருபத்துமூன்று பிள்ளைகள், பொறியியல் கனவோடு பாதித் தூரம் வந்துவிட்டவர்கள். அதனால் கணவர் கத்தாரில் இருந்து ஸ்கூட்டிக்கென்று அனுப்பிய காசை எடுத்துக்கொண்டு டீச்சர் எங்களிடம் வந்தார். தவணை முடிய மூன்று மாதம் இருந்தது, எங்களுக்கும் அவ்வளவுதான்.

அளவெடுப்பதில் எனக்குப் பெரிய சங்கடம். இடுப்பிலிருந்து குதிக்கால் வரை வேண்டும், தோளிலிருந்து மணிக்கட்டு வரை வேண்டும். அபாயா அணிந்த ஒரு டீச்சர் முன்னால் அளவுநாடாவை நீட்டுகிற துணிச்சல் எனக்கும் இல்லை, நானாவுக்கும் இல்லை. இரண்டு பேரும் முழித்துக்கொண்டு நிற்க, டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு சதுரக்கோட்டுத் தாளை எடுத்துத் தந்தார். எல்லா அளவும் அதில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எத்தனை மில்லிமீற்றர் கூடக்குறைய இருக்கலாம் என்றும் எழுதியிருந்தது. நானும் சும்மா விடுவேனா? பற்றரி எவ்வளவு தூரம் ஓடும் என்று போட்டு வைத்திருந்த கணக்கைப் பெருமையோடு நீட்டினேன். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சிவப்புப் பேனையை எடுத்தார். ஐந்து நிமிடம் வரி வரியாகக் கோடு போட்டார். பிறகு தாளைத் திருப்பித் தந்தார்.

“அண்ணன், சீனக்குடாப் பக்கம் வாற எதிர்காத்த நீங்க கணக்குல எடுக்கவே இல்ல. திருப்பிச் செஞ்சு திங்கக்கிழமை கொண்டு வாங்க.”

பாய்

சிவப்புக் கோடு விழாத கணக்கோடு சைக்கிள் சட்டத்தைக் கீறி முடிக்க மூன்று வாரம் போனது. பற்றரி குழாய்க்குள்ளேயே ஒளிந்திருக்கும். மிதிக்கிற பலத்தை உணர்ந்து அதற்கேற்ற அளவில் மோட்டார் உதவும். உப்புக்காற்று புகாதபடி மூட்டுகள் எல்லாம் அடைத்திருக்கும். கால் தூக்காமல் ஏறி இறங்கலாம். அந்தப் படத்தை இப்போதும் எடுத்துப் பார்ப்பதுண்டு. என் கல்யாண அல்பத்தை அவ்வளவு தரம் பார்த்ததில்லை. இது வீட்டில் தெரியாது.

மிச்சமிருந்த சிக்கல் அபாயா. பின்சில்லில் துணி சிக்கினால் ஆளையே இழுத்து விழுத்திவிடும். நான் என்ன செய்தேன் என்றால், சில்லின் இரண்டு பக்கத்தையும் மெல்லிய அலுமினியத் தகட்டால் முழுவதுமாக மூடிவிட்டேன். பார்ப்பதற்கு அப்படி ஒரு அழகு! நானே ஓட்டிப் பார்க்கக் கிண்ணியாவுக்குப் போனேன். பாலத்தில் ஏறும்வரை ராசா மாதிரிப் போனேன். பாலத்தின் நடுவில், கடல் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. பக்கவாட்டுத் தகடு அதை அப்படியே வாங்கிக்கொள்ள, சைக்கிள் என்னையும் ஏற்றிக்கொண்டு மற்றப் பக்கக் கம்பிக்குப் போய்ச் சாய்ந்தது. முழங்கை உரிந்ததோடு தப்பினேன். அங்கே தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வந்து என்னைத் தூக்கி நிறுத்தினார். சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தார். தகட்டில் இரண்டு தட்டுத் தட்டினார்.

“தம்பி, பாயக் கட்டினீங்க, சரி. சுக்கான் எங்க?”

வலை

இரண்டு நாள் நான் பட்டறைப் பக்கம் போகவில்லை. தவணை முடிய ஆறு வாரம்தான் இருந்தது, எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. காற்று உள்ளே போக வேண்டும், துணி போகக் கூடாது. கப்பலுக்கே படம் கீறியவனுக்கு இது பிடிபடவில்லை என்ற கோபம் வேறு. மூன்றாம் நாள் போனபோது தகட்டைக் காணவில்லை. சில்லின் இரண்டு பக்கமும் மட்காட்டிலிருந்து அச்சு வரை கறுப்புத் தங்கூசி நைலோன் நூலில் வலை பின்னியிருந்தது. அப்படி நெருக்கமாக, அப்படி விறைப்பாக. நானா தன் மச்சானைக் கிண்ணியாவிலிருந்து கூட்டிவந்து கட்டுவித்திருக்கிறார். மீன்வலை கட்டுகிற மனிதர். சைக்கிளைப் பற்றி அவரிடம் ஒன்றும் சொல்லவே இல்லையாம்.

பன்னிரண்டு வருட அனுபவத்தை ஒரு வலைக்காரர் அரை நாளில் தாண்டிப் போனது எனக்குச் சுட்டது. உண்மையைச் சொன்னால், இன்று நினைக்கும்போது அந்தச் சுட்ட நாளும் இனிக்கிறது. மச்சான் என்ன கேட்டார் என்று விசாரித்தேன். நானா வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“அவன் ஒண்டும் கேக்கல்ல தம்பி. எவ்வளவு பெரிய மீன் வெளிய போகணும் எண்டு மட்டும்தான் கேட்டான்.”

ஓர்ஸ் ஹில் ஐயா

இடையில் எங்களுக்கு இரண்டாவது ஓடரும் ஒன்று வந்தது. ஓர்ஸ் ஹில்லில் இருந்த ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர். இரைச்சல் இல்லாமல், மேட்டில் மூச்சு வாங்காமல் ஏற வேண்டும் என்றார். டீச்சருக்குச் செய்துவைத்த சட்டத்தில் அவரை ஏற்றி ஓட்டிக் காட்டினோம். பூனை போவது போல ஏறினார், இறங்கினார். முகத்தில் திருப்தியைக் காணவில்லை. வழியில் சந்தித்த நாலைந்து பேரும் அவருக்கு வணக்கம் சொல்லவில்லையாம். சொல்வதற்கு அவர் வருவதே அவர்களுக்குத் தெரியவில்லை. அத்தோடு அந்த ஓடர் போனது. அவர் படி இறங்கும்போது சொன்னதை நானா இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

“தம்பி, நான் அதிகாரியா இருந்த ஊரிலை என்னை ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்லை. இதிலை ஒரு சத்தம் பூட்ட ஏலாதோ?”

ருசி பார்த்தவர்

கைபிடிக்கு நல்ல தோல் சுற்றுவது என் ஆசை. முதல் தரம் என்றால் கையிலும் தெரிய வேண்டாமா? மெல்லிய தோலைத் தேடி எடுத்து, நானே உட்கார்ந்து தைத்தேன். ஒரு வாரம் வெயிலில், கடற்காற்றில் ஓட்டிப் பழக்கினேன். என் வியர்வையும் கடலின் உப்பும் சேர்ந்து தோல் தேன்நிறத்துக்கு வந்திருந்தது. ஒப்படைக்க மூன்று நாள் இருக்கையில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு பிளேன்ரீ குடித்தேன். வெளியே வந்தால் இரண்டு மான்கள். ஒன்று இடது கைபிடியை நக்கிக்கொண்டிருந்தது. மற்றது வலது கைபிடியை நக்குகிற கட்டத்தைத் தாண்டி மென்றுகொண்டிருந்தது.

இந்த ஊரில் பிறந்தவன் நான். செருப்பை வெளியில் விடாதே, மான் தின்றுவிடும் என்று கேட்டு வளர்ந்தவன். உப்பில் ஊறிய தோலை நடுவீதியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறேனே! பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போய் நின்றேன். நானா மிச்சத் தோலைத் தடவிப் பார்த்தார்.

“டீச்சருக்கெண்டு பாத்துப் பாத்துச் செஞ்சம், ருசி பாத்தது மான். இனி ரப்பரப் போடுங்க தம்பி.”

ஏழு இருபத்தாறு

தவணை முடிய ஒரு வாரம் இருக்கையில் சைக்கிள் குறிஞ்சாக்கேணிக்குப் போனது. மின்வெட்டு அட்டவணையைப் பார்த்து டீச்சர் முதல் நாள் பின்னேரமே பற்றரியை நிரப்பி வைத்தார். மறுநாள் காலை அவருக்குப் பின்னால் போய்ப் பார்க்க என்னிடம் பெற்றோல் இல்லை. ஆகவே ஆறரைக்கே பாடசாலை வாசலில் போய் நின்றேன். ஏழு மணி. ஏழு பத்து. பிள்ளைகள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். ஏழு இருபதுக்கு அதிபர் வந்து வாசலில் நின்று, வீதியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். பாலத்துக் காற்று, அறுந்த சங்கிலி, நனைந்த பற்றரி, ஒவ்வொன்றாக என் மனதில் ஓடி முடிந்தன.

ஏழு இருபத்தாறுக்கு டீச்சர் வளைவில் திரும்பினார். முதுகு நேராக, அபாயா ஒரு நூல்கூடச் சிக்காமல், ஏதோ பத்து வருடம் பழகினவர் மாதிரி. இறங்கினார், சைக்கிளைச் சுவரோடு சாத்தினார், என்னைக் கண்டும் காணாத மாதிரி வகுப்புக்குப் போனார். மேல்மாடியில் கதிரைகள் இழுபடுகிற சத்தம் கேட்டது. இருபத்துமூன்று பிள்ளைகளும் எழும்பி நிற்கிறார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதைச் சொல்ல வெட்கம் இல்லை. இடைவேளைக்கு டீச்சர் பற்றரியைக் கழற்றி ஆய்வுகூடத்தில் மின்னேற்றப் போட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

“பற்றரில முப்பது வீதம் மிச்சம். ஒங்கட முதல் கணக்குல நாப்பத்தஞ்சு, என்ட கணக்குல இருபத்தெட்டு. ஆரு சரி, நீங்களே சொல்லுங்க அண்ணன்.”

பாலம் மட்டும்

வகுப்பு நிற்கவில்லை. பிள்ளைகள் படித்தார்கள், பரீட்சையும் எழுதினார்கள். பிறகு பெற்றோல் வந்தது, பஸ் ஓடியது, எங்களிடம் விசாரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் மோட்டார்சைக்கிளைத் துடைத்து எடுத்தார்கள். நானா படகுகளுக்குத் திரும்பினார். நான் இப்போது ஓர்ஸ் ஹில்லில் ஓர் அலுவலகத்தில் வீட்டுப் படம் கீறுகிறேன். பின்னேரங்களில் பட்டறையைத் தாண்டிப் போகும்போது வெல்டிங் மணம் வந்தால் கால் தானாக நிற்கிறது. அந்த மூன்று மாதம் போல நான் பயந்ததும் இல்லை, சந்தோசமாக இருந்ததும் இல்லை.

போன மாதம் அலுவலக வாசலில் அந்தச் சைக்கிள் நின்றது. டீச்சர் சொந்த ஊருக்கே மாற்றலாகிவிட்டார், பாடசாலை வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை என்று கேள்விப்பட்டிருந்தேன். திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறார் என்றே நினைத்தேன். அவர் கேட்டதோ இரண்டு ரயரும் ஒரு பிறேக் கட்டையும். “நடந்து போற தூரத்துக்கு இது எதுக்கு டீச்சர்?” என்று கேட்டுவிட்டேன். பிறேக்கை ஒரு தரம் பிடித்து விட்டார்.

“ஸ்கூலுக்கு நடந்துதான் போறன் அண்ணன். விடிய ஒருக்கா பாலம் மட்டும் போய்க் கிறுகி வாறன். வீட்டுல நான் உம்மா, ஸ்கூல்ல டீச்சர், ஃபோன்ல பொஞ்சாதி. பாலத்துக்கு மேல அந்த ரெண்டு நிமிஷம் மட்டும் நான் ஆருக்கும் ஒண்டுமில்ல.”

ஆக, ஒருவர் நேரத்துக்கு வேலைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று மூன்று மாதம் மண்டையை உடைத்து நான் வடிவமைத்த ஒரே சைக்கிள், இப்போது எந்த வேலைக்கும் போகாமல் ஓடுவதுதான் இந்தத் தொழிலில் நான் கண்ட ஆகப்பெரிய வெற்றி.