பேராயருக்கென்று ஒரு நாற்காலி

ஆல்டன் ப்ரூவர் பேராயராக இருந்த பதினாறு வருடங்களில் புதிதாக ஒரு தேவாலயத்தைக்கூடத் திறக்கவில்லை. பதினான்கை மூடினார். கடைசியாக மூடியது, இளங்குருவாக அவர் முதன்முதலில் நற்கருணை கொடுத்த பென்சில்வேனியாச் சுரங்க ஊரின் ஆலயம்.

மூடும் அறிக்கையை வாசித்தபோது எதிரே ஏழே பேர். முடிந்ததும் காப்பி கொண்டுவந்த, ஆலயத்தைப் பராமரித்துவந்த வில்மா, பீடத்தருகே பேராயர் மட்டுமே உட்காரவேண்டிய நாற்காலியைக் காட்டினாள்.

"இத எடுத்துட்டுப் போயிடுங்க ஐயா."

"அடுத்த மாசத்தோட எனக்கு ஓய்வும்மா. இத வச்சு நான் என்ன பண்ண?"

"உக்காருங்க. வேற யாரையும் உக்கார விடாம பதினாறு வருஷமா வாராவாரம் துடைச்சு வச்சேன். நீங்க வந்ததே ரெண்டு தரம். அதுலயும் இன்னைக்கு வந்தது மூடுறதுக்கு."

காப்பி ஆறிப்போனது. பேராயர் குனிந்து நாற்காலியைத் தூக்கினார். ஒரு தூசிகூட இல்லை.