இறங்கச் சொன்ன குரல்

கல்யாணம் முடிந்து வந்த முதல் கிறிஸ்மஸ் விடுமுறைக்கு எங்கே போவது என்று எங்கள் வீட்டில் விவாதம் எதுவும் நடக்கவில்லை. நான் முடிவெடுத்தேன், கணவர் சரி என்றார். அவர் எதற்கும் சரி என்கிற மனிதர். மிசிசாகாவில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வெயர்ஹவுசில் வேலை. ஓவர்ரைம் செய் என்றாலும் சரி, நாளைக்கு வராதே என்றாலும் சரி. நான் அப்படி இல்லை. வரிசையில் யாராவது முந்தினால் கடை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சண்டை பிடிக்கிற ஆள். எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து வைத்தவர்கள் இதைத்தான் நல்ல பொருத்தம் என்று சொன்னார்கள்.

நான் ரொறன்ரோவுக்குக் கைக்குழந்தையாக வந்தவள். சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டடம் ஒன்றில் தவழ்ந்து, மல்வேர்னில் வளர்ந்தேன். அவர் ஊரில் போர் முடிந்து சில வருடங்கள் கழித்து, பல நாடுகளைச் சுற்றித் தனியாக வந்து சேர்ந்தவர். அங்கே நடந்ததைப் பற்றிக் கேட்டால், "எல்லாருக்கும் நடந்ததுதான்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போட எழும்பிப் போய்விடுவார். நானும் விட்டுவிடுவேன். தேத்தண்ணி நன்றாகப் போடுவார்.

அமெரிக்காவின் தெற்குப் பக்கம் காரிலேயே போய் வருவது என் திட்டம். பனி இல்லாத ஊர், பெரிய ஆறு, பாட்டுக் கச்சேரிகள், அங்கே ஒரு மியூசியம். கறுப்பின மக்கள் தங்கள் உரிமைக்காகப் போராடிய கதையைச் சொல்கிற மியூசியம் அது. பள்ளிக்கூடத்தில் அந்தக் கதையைப் படித்த நாளிலிருந்து அதைப் பார்க்கவேண்டும் என்று எனக்கு ஆசை. அவருக்கு வெயில் இருந்தால் போதும்.

அம்மாவுக்குத்தான் இது துண்டாகப் பிடிக்கவில்லை. "அமெரிக்கா இப்ப இருக்கிற இருப்புக்கு உங்களுக்கு உந்தப் பயணம் தேவையோ? நயாகராவைப் போய்ப் பாத்திட்டு வாங்கோவன்." நயாகராவை நான் விருந்தாளிகளோடு போய்ப் போய் அலுத்துவிட்டேன் என்று சொன்னேன். கடைசியில் என் போனிலிருந்து நாங்கள் நிற்கிற இடம் தன் போனில் தெரியவேண்டும் என்ற நிபந்தனையோடு விட்டார். பயணம் முழுவதும் அம்மா மல்வேர்னில் சோபாவில் இருந்து அந்த நீலப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வேலை செய்கிற பல் வைத்தியரிடம் கூட வேலை செய்யும் பெண் ஒருத்தி, கறுப்பினத்தவள். அவளுடைய சொந்தங்கள் அந்தப் பக்கத்து மாநிலங்களில் இருக்கிறார்கள். லீவு தொடங்குமுன் என்னைக் கிளினிக்கின் சமையலறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். பொலிஸ் மறித்தால் காரை விட்டு இறங்கக்கூடாது. இரண்டு கையும் ஸ்ரியரிங்கில் தெரியவேண்டும். எதை எடுப்பதாக இருந்தாலும் முதலில் சொல்லிவிட்டு எடுக்கவேண்டும். இறங்கினால் தாக்க வருகிறான் என்றுதான் நினைப்பார்கள், அவ்வளவுதான் என்றாள். அவள் சிரிக்கவில்லை.

எல்லைக்குப் போகிற வழியில் அதை அவரிடம் சொன்னேன். "சரி, சரி" என்று தலையை ஆட்டினார். எல்லைச் சாவடியில் எங்கள் முறை வந்ததும் எஞ்சினை நிற்பாட்டி, பெல்ற்றைக் கழற்றி, கதவைத் திறக்கப் போனார். உள்ளே இருந்த அதிகாரி அவசரமாகக் கையைக் காட்டி இருக்கச் சொன்னார். நான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தேன். "கலியாண வீட்டுக்கு வந்தமாதிரி இறங்கப் பாத்தீங்களே." அவரும் சிரித்தார்.

தெற்கே போகப் போகப் பனி குறைந்து, புல்லுத் தெரிந்தது. வீட்டு முற்றங்களில் காற்றடித்த பெரிய கிறிஸ்மஸ் தாத்தாக்கள் நின்றார்கள். சில ஊர்களில் பெற்றோல் அடிக்க நின்றால் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் கதையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். யாரும் ஒரு வார்த்தை பிழையாகச் சொல்லவில்லை. நான் உள்ளே போய்ச் சிற்றுண்டி வாங்குவதை விட்டுவிட்டு, அம்மா கட்டித் தந்த இடியப்பத்தையும் சம்பலையும் காருக்குள்ளேயே சாப்பிடலாம் என்று சொன்னேன். பசிக்கவில்லை என்று அவர் பாதியை வைத்துவிட்டார்.

மியூசியத்தில் கூட்டம் அதிகம் இல்லை. ஒரு மண்டபத்துக்குள் பழைய பஸ் ஒன்றை அப்படியே நிறுத்தி வைத்திருந்தார்கள். அதற்குள் ஏறி இருக்கலாம். வெள்ளைக்காரப் பயணிக்காக எழும்ப மறுத்த கறுப்பினப் பெண்ணின் உருவச்சிலை ஓர் இருக்கையில் இருந்தது. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு யன்னலைப் பார்த்தபடி அவள் இருந்தாள். நான் அவளுக்கு நேரே இருந்தேன். என் கணவர் எனக்கு முன்னால், சாரதியின் இருக்கைக்குப் பின்னால் இருந்தார். சில குடும்பங்களும் ஏறின. எல்லாரும் இருந்து கொஞ்ச நேரத்தில் சாரதியின் குரல் வந்தது. பதிவு செய்து வைத்த குரல்தான். எழும்பு, பின்னுக்குப் போ, இல்லாவிட்டால் பொலிசைக் கூப்பிடுவேன் என்று அதட்டியது. பஸ் இருக்கையே அதிர்கிற மாதிரி அதன் சத்தத்தை வைத்திருந்தார்கள்.

என் கணவர் எழும்பினார். தன் பையை எடுத்தார். திரும்பி வந்து என் பையையும் எடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. முன்கதவால் இறங்கிப் போய், மண்டபத்துச் சுவரோரமாக நின்றார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தார். பேர்ஸைத் திறந்து லைசென்சை எடுத்து, விரல்களுக்கு நடுவில் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். பஸ்சில் இருந்த பிள்ளைகளும் சிரித்தார்கள், அவர்களுடைய தாய் அவர்களை அடக்கினாள். கீழே இறங்கிப் பக்கத்தில் போனபோதுதான் அவருடைய நெற்றி முழுக்க வேர்த்திருந்ததைக் கண்டேன்.

"என்ன செய்யிறீங்கள்?"

"இறங்கச் சொன்னவன்."

"இறங்கச் சொல்லேல்லை. பின்னுக்குப் போகச் சொன்னது. அது ரெக்கோர்டிங்."

அவர் கையில் இருந்த லைசென்சைப் பார்த்தார். பிறகு அதைப் பேர்ஸுக்குள் வைத்தார். வைக்கச் சிரமப்பட்டார்.

வெளியே ஆற்றுப் பக்கம் ஒரு மர வாங்கில் உட்கார்ந்து, முதல் தடவையாகத் தானாகச் சொன்னார். ஊரில் செக்பொயின்ற் வந்தால் பஸ் நிற்கும். ஆமிக்காரர் ஏறிவந்து இறங்கு என்று கத்துவார்கள். எல்லாரும் சாமான்களைத் தூக்கிக்கொண்டு இறங்கவேண்டும். அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு வரிசையில் நடக்கவேண்டும். வெறும் பஸ் முன்னுக்குப் போய் அந்தப் பக்கத்தில் நிற்கும். அவர் பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலம். ஒருநாள் அவருக்குப் பக்கத்தில் இருந்த பெடியன் நித்திரை.

"தட்டி எழுப்பினனான். அவன் எழும்ப முதல் அவங்கள் வந்திட்டாங்கள். நான் இறங்கீட்டன். ஏன் இறங்காமல் இருந்தனீ எண்டு அவனை வேறையாக் கூட்டிக்கொண்டு போனவங்கள்."

"பிறகு?"

"பஸ் வெளிக்கிட்டுது. அவன்ரை பை என்ரை காலடியிலை கிடந்தது."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். ஆனால் அழுகையைவிடப் பெரிதாக எனக்கு வந்தது பயம். கூட வேலை செய்யும் பெண் சமையலறையில் சொன்னதை நான் இவருக்குச் சொன்னேன், இவரும் சரி என்று தலையாட்டினார். அந்தச் சரியில் ஒரு பிரயோசனமும் இல்லை என்று இப்போது தெரிந்தது. சீருடைக்காரன் சத்தம் போட்டால் இந்த மனிதரின் உடம்பு இறங்கிவிடும். அங்கே அதுதான் இவரைக் காப்பாற்றியது. இங்கே இறங்கினால் சுடுவார்கள்.

மீதி நாட்களைச் சுருக்கிவிட்டு வீட்டுக்குப் போவோம் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை, சரி என்றார். அடுத்த நாள் காலையில் நானே ஸ்ரியரிங்கைப் பிடித்தேன். வேகத்தைக் கூட்டாமல், பாதையை மாற்றாமல் ஓடினேன். கண்ணாடியில் வெள்ளைக் கார் எது தெரிந்தாலும் பொலிசோ என்று உற்றுப் பார்த்தேன். மத்தியானத்துக்குப் பிறகு மழை தொடங்கியது. பார வண்டிகள் இறைக்கிற தண்ணீரில் எனக்குக் கண் மங்கி, ஒரு தடவை கார் ஓரக் கோட்டுக்கு வெளியே போய்வந்தது. "நீர் கொஞ்சம் படுத்திரும், நான் ஓடுறன்" என்றார். வேறு வழி இல்லை. இடம் மாறி இருந்தோம். நான் படுக்கவில்லை.

மாலை மங்குகிற நேரம் பின்னால் நீலமும் சிவப்புமாக வெளிச்சம் வந்தது. அவர் உடனே காரை ஓரங்கட்டினார். பொலிஸ் காரின் ஒலிபெருக்கி எதையோ அதட்டியது. மழையில் வார்த்தை விளங்கவில்லை, குரல் மட்டும் கேட்டது.

பெல்ற் கழன்ற சத்தம் கேட்டது. நான் திரும்பியபோது பேர்ஸ் அவர் கையில் இருந்தது, மற்றக் கை கதவைத் திறந்துவிட்டது. காருக்குள் லைற் எரிந்தது, மழை உள்ளே அடித்தது. பின்னால் குரல் இன்னும் பலமாகக் கத்தியது. நான் அவருடைய சேட்டுத் துணியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன்.

"இறங்காதேங்கோ."

"இறங்கச் சொல்லுறான்."

"இல்லை. இருக்கச் சொல்லுறான். இஞ்சருங்கோ, இருங்கோ. கதவைச் சாத்துங்கோ. கையை ஸ்ரியரிங்கிலை வையுங்கோ."

அவருடைய ஒரு கால் ஏற்கெனவே வெளியில், ரோட்டில் இருந்தது. அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடவுளே என்று ஒரு தடவையும் நினைக்கவில்லை, அந்தக் காலைத்தான் நினைத்தேன். அது உள்ளே வந்தது. கதவைச் சாத்தினார். கைகளை ஸ்ரியரிங்கில் வைத்தார். அவருடைய வாயிலிருந்து மூச்சு இரைகிற சத்தம் வந்தது. இருந்த இடத்தில் இருப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

போன் அடித்தது. முன்னால் கொழுவி வைத்த போனில் அம்மா என்று எழுத்து மின்னியது. புள்ளி நின்றுவிட்டதைப் பார்த்துவிட்டார். எடுக்கவும் முடியாது, நிற்பாட்டவும் முடியாது. அது அடித்து ஓய்ந்து, திரும்பவும் அடித்தது.

பொலிஸ்காரன் என் பக்க யன்னலுக்கு வந்தான். எங்களைவிட இளையவன். ஒரு கை இடுப்பில், துப்பாக்கிக்குப் பக்கத்தில் இருந்தது. ஏன் கதவைத் திறந்தது என்று அவரைக் கேட்டான். கதவு சரியாகப் பூட்டவில்லை, அதைத்தான் சாத்தினார் என்று நான் முந்திக்கொண்டு பொய் சொன்னேன். எங்கே இருந்து வருகிறீர்கள்? கனடா, ரொறன்ரோ. இங்கே என்ன வேலை? விடுமுறை, ஊர் பார்க்க வந்தோம். என்ன பார்த்தீர்கள்?

ஆறு, கடைகள், ஒரு மியூசியம் என்றேன். என்ன மியூசியம் என்று கேட்டான். பழைய காலத்துச் சாமான்கள் என்று சொன்னேன். ரொறன்ரோவில் யாரோடும் சண்டை பிடிக்கிற எனக்கு, அந்த மியூசியத்தின் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை.

அவன் லைசென்சைக் கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தான். பின்னால் பிரேக் லைற் ஒன்று எரியவில்லை, ஊருக்குப் போனதும் மாற்றுங்கள் என்றான். நல்ல விடுமுறை என்று வாழ்த்தினான். முகத்தில் ஒரு கோபமும் இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் பயமாக இருக்கிறது. அந்தக் கால் இன்னும் ஒரு எட்டு வைத்திருந்தால் அவன் இதே முகத்தோடுதான் சுட்டிருப்பான்.

அடுத்த பெற்றோல் நிலையத்தின் கூரைக்குக் கீழே அவர் காரை நிறுத்தினார். நான் அம்மாவுக்கு எடுத்தேன்.

"ஏன் பிள்ளை றோட்டிலை நிண்டனீங்கள்? போனும் எடுக்கேல்லை."

"மழை அம்மா. ஒதுக்கிப்போட்டு நிண்டனாங்கள்."

"தம்பி எங்கை?" மருமகனை அம்மா தம்பி என்றுதான் சொல்லுவார்.

"இஞ்சைதான். பக்கத்திலை இருக்கிறார்."

அம்மா பெருமூச்சு விட்டார். நான் போனை வைத்தேன். எஞ்சின் எப்போதோ நின்றுவிட்டது. பக்கத்தில் வந்து நின்ற கார்களிலிருந்து ஆட்கள் இறங்கிக் கோப்பி வாங்கப் போனார்கள், வந்தார்கள். அவர் நேரே பார்த்தபடி இருந்தார். சேட்டு நனைந்து தோளோடு ஒட்டியிருந்தது, நான் பிடித்த இடத்தில் பொத்தான் ஒன்று அறுந்திருந்தது. இரண்டு கைகளும் இன்னமும் ஸ்ரியரிங்கின் மேல் இருந்தன.

"இஞ்சரும்," என்றார். "இப்ப இறங்கலாமோ?"

நான் ஓம் என்று சொல்லும்வரை அவர் கையை எடுக்கவில்லை.