உங்கள் மாமா மீது இருக்கும் கேஸ்

பேச்சுப் போட்டிக்காகப் பெரியவள் என்னிடம் கேட்டாள்: "தப்பு அதிகமா பண்றது போலீஸா, ஜனங்களாப்பா?" நான் வாயைத் திறப்பதற்குள் சின்னவன், "ஜனங்கதான். ஜெயில்ல போய்ப் பாரு, எத்தினி போலீஸ்காரன் இருக்கான்?" என்றான். பத்தாவதோடு நின்றவன் நான், மேடைப் பேச்சு தெரியாது. நடந்ததை எழுதுகிறேன், இரண்டு பேரும் படியுங்கள்.

உங்கள் மாமா, அம்மாவின் தம்பி, போலீஸ் வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறினான். விழுப்புரம் மைதானத்தில் ஓட்டம், கயிறு எல்லாவற்றிலும் தேறினான். ஆர்டர் வருவதற்குள் உங்கள் தாத்தா இறந்துபோனார். நம் பக்கம் கருமாதி முடிந்தால் பங்காளிகளுக்குக் கறிச்சோறும் சரக்கும் வைத்தாக வேண்டும். வைக்காவிட்டால், அப்பனை அநாதையாக அனுப்பிவிட்டான் என்று மகனைப் பேசுவார்கள். மாமா ஒரு சொட்டுக் குடிக்காதவன். ஆனாலும் பாண்டியில் விலை மலிவு என்று அவனைத்தான் அனுப்பினார்கள். பாண்டிச் சரக்கை நம் பக்கம் கொண்டுவருவது குற்றம். கிளியனூர் தாண்டி வரும்போது போலீஸ் அவன் வண்டியை மறித்துப் பையைத் திறந்தது.

போன் வந்து ஸ்டேஷனுக்கு ஓடினேன். மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"சார், நானும் உங்க டிபார்ட்மெண்ட்டுக்குத்தான் சார் வரப்போறேன். செலக்ட் ஆயிட்டேன்."

ஏட்டு சிரித்தார். "அட, நம்மாளா நீ! அப்ப சொல்றத கேளு. கோர்ட்ல ஒத்துக்கினு ஃபைன கட்டிட்டு ஜல்தியா வேலையப் பாரு. வக்கீலு கிக்கீலுன்னு பேஜாரு பண்ணிக்காத."

சொந்தக்காரர் சொன்னதைப் போல மாமா அதை நம்பினான். திண்டிவனம் கோர்ட்டில் ஒத்துக்கொண்டு வந்து, "முடிஞ்சிடுச்சி மாமா" என்று என்னைப் பார்த்துச் சிரித்தான்.

மழைக்காலத்துக்குள் அதே ஏட்டு மாட்டினார். வழியில் பிடித்த பாட்டில்களைப் பெட்டிக்கடையில் கொடுத்து விற்றிருக்கிறார். மேலிடத்து ஆட்கள் வந்து மூட்டையோடு பிடித்தார்கள். ஊரே வேடிக்கை பார்த்தது. அவரை வேறு ஸ்டேஷனுக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான்.

பிறகு மாமாவை விழுப்புரத்துக்குக் கூப்பிட்டார்கள். நானும் போனேன். அதிகாரி நல்லவர், உட்காரச் சொன்னார். குற்றத்தை ஒத்துக்கொண்டவனுக்குப் போலீஸ் வேலை கிடையாது என்றார்.

"சார், என்ன புடிச்ச ஏட்டு மூட்டையோட மாட்னாரே. அவரு இன்னும் டிபார்ட்மெண்ட்லதான சார் இருக்காரு?"

"அது டிபார்ட்மெண்ட் நடவடிக்கைப்பா. அவர் மேல கேஸ் கிடையாது. உன் மேல இருக்கு."

அதட்டவில்லை. மழை வருமா வராதா என்று சொல்வதைப் போலத்தான் சொன்னார்.

சின்னவனே, நீ கேட்டதற்கு இதுதான் பதில். கேஸ் உள்ளவனைப் போலீஸ் வேலைக்குள் விடமாட்டார்கள். வேலைக்குள் போனவன் மேல் கேஸ் எழுத வேண்டியவன் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். அப்புறம் இரண்டு பக்கமும் எண்ணிப் பார்த்தால் எந்தப் பக்கம் குறைவாக வரும்? எல்லாப் போலீஸும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. வெள்ளத்தின்போது நம்மைத் தோளில் தூக்கி வந்தவரும் போலீஸ்காரர்தான். ஆனால் கணக்கில் உங்கள் மாமா குற்றவாளி, ஏட்டு இல்லை. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ஜனங்களை எடை போடாதீர்கள்.

மாமா இப்போது பாண்டியில் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக நிற்கிறான். வேலை முடிந்து வெளியே வருகிறவர்களின் பையைத் திறந்து பார்க்கச் சொல்கிறார்கள். அவன் திறக்க மாட்டேன் என்கிறான். இது மூன்றாவது கம்பெனி.