நீலச் சட்டி

அந்த வெள்ளிக்கிழமை மதியம் சமையலறையில் இருந்தது அக்காவும் நானும்தான். அந்த வீட்டு மேடம் இல்லை. பழம் வாங்க சிவாஜிநகர் போயிருந்தார். அடுப்பின் மேல் ஒரு நீலப் பீங்கான் சட்டி. அதில் பீன்ஸும் உருளைக்கிழங்கும் பச்சையாகக் காத்திருந்தன.

மேடம் யூதர். கணவரின் வேலைக்காகப் பெங்களூர் வந்தவர். அக்கா அங்கே ஆறு வருஷமாகச் சமையல். அந்தச் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டிலேயே முதல் ஆளாக நான் காலேஜ் போனேன். ஆனால் அக்காவுக்கு வாயைத் திறந்தால் மேடம் பேச்சுதான். பாலுக்கும் கறிக்கும் தனித்தனிப் பாத்திரமாம். வெள்ளிக்கிழமை பொழுது சாயுமுன் மேடம் விளக்கேற்றினால் மறுநாள் இருட்டும்வரை அந்த வீட்டில் யாரும் தீ மூட்டக் கூடாதாம். "அவங்க சட்டத்துல கோர்ட்டுல பொம்பள சாட்சி செல்லாதாம்டா. ஆனா அடுப்படில நடந்தத பொம்பள சொன்னா, அவங்க மதகுருவே நம்பித்தான் ஆவணுமாம்" என்று தானே ஜெயித்ததுபோலச் சொல்வாள். என் மார்க்கைப் பற்றி அப்படிப் பூரித்ததாக நினைவில்லை.

ஒரு விதி மட்டும் எனக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது. அடுப்பை மேடம்தான் பற்றவைக்க வேண்டும். அதன் பிறகே அக்கா சமைக்கலாம். ஆஸ்டின் டவுனில் எங்கள் தெருவில் பிறந்தவனுக்கு இதைக் கேட்டால் தீட்டைத் தவிர வேறென்ன தோன்றும்?

அன்று சிலிண்டர் தீர்ந்துபோக, மாற்றித்தர என்னைக் கூப்பிட்டிருந்தாள். மாற்றினேன். அவள் மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போனதும் அடுப்பைப் பற்றவைத்தேன். அவசரம் ஒன்றுமில்லை; பொறாமைதான். அவள் திரும்பியபோது பாதி வெந்திருந்தது.

"யார்டா பத்த வச்சது?"

"நான்தான். என் கை பட்டா தீட்டாமா?"

"தீட்டு இல்லடா, மடையா. அவங்க ஆளு பத்த வச்சாத்தான் அது அவங்க சாப்பாடு. சாயங்காலம் விருந்தாளிங்க வேற வராங்க."

"சொல்லாதக்கா. வேலை போயிடும். யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமே."

மேடம் பையைக் கீழே வைக்குமுன்பே வாசலில் நின்று சொல்லிவிட்டாள். என்னைக் காப்பாற்ற ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை. மேடம் அடுப்பை அணைத்தார். அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, உடைந்த தமிழில், "வெளி ஆள் சொல்லு நம்பணும், எங்க சட்டத்துல இல்ல. உன் சொல்லு நான் நம்பும்" என்றார். வேலை தப்பியதே என்று நான் மகிழ்ந்திருக்க வேண்டும். அக்கா அழுத விதத்தைப் பார்த்து வயிறு எரிந்தது. எனக்காக அவள் அப்படி அழுததில்லை.

மறுபடி சமைக்கப் பொழுதில்லை; விருந்தாளிகள் ரொட்டியும் பழமும் சாப்பிட்டார்கள். அந்தச் சாப்பாடு வெந்த பீங்கானைச் சுத்திகரிக்க அவர்கள் சட்டத்தில் வழியில்லையாம். சட்டி குழம்போடு எங்கள் வீட்டுக்கு வந்தது.

இன்றும் ஞாயிற்றுக்கிழமை அதில்தான் குழம்பு. அடுப்பில் ஏற்றிவிட்டு அக்கா லைட்டரை நீட்டுவாள்: "வாங்க சார், நீங்களே பத்த வைங்க." பற்றவைப்பேன். மேடம் வேண்டாம் வேண்டாம் என்றும் கேட்காமல், ஹெப்பகோடி கம்பெனியில் நான் வாங்கிய முதல் சம்பளத்திலிருந்து அக்கா அவருக்கு வாங்கிக் கொடுத்த புதுச் சட்டியின் விலை இரண்டாயிரத்து நூறு ரூபாய்.