ஆறு நாறுகிற வரைக்கும்

தொழிற்சாலைப் புகைக்கு வரி போடுவதா, சட்டம் போட்டுத் தடுப்பதா என்று இப்போது தொலைக்காட்சியில் வாதாடுகிறார்கள். எங்கள் வீட்டில் அந்தச் சண்டை எழுபதுகளின் கடைசியிலேயே வந்துவிட்டது, ஓர் ஆற்றை வைத்து.

என் வீட்டுக்காரருக்கு மலேசியாவில் லூனாஸ் பக்கம் செம்பனை எண்ணெய் மில்லில் வேலை. மில்லின் கழிவு எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடிய ஆற்றில்தான் விழும். மசக்கையில் இருந்த எனக்கு அந்த நாற்றத்தில் ஒரு வாய் சோறு இறங்காது. தலைப்பிரசவத்துக்குச் சுங்கைப் பட்டாணியில் அம்மா வீட்டுக்குக் கிளம்பும்போதே சொல்லிவிட்டேன்: "ஆறு நாறுற வரைக்கும் பிள்ளையத் தூக்கிட்டு வரமாட்டேன்."

மகள் பிறந்து, குப்புற விழவும் தொடங்கிவிட்டாள். நான் போகவில்லை. அவர்தான் ஞாயிறுதோறும் பஸ் ஏறி வருவார். மகளைத் தூக்குமுன் கையைச் சோப்புப் போட்டுத் தேய் தேய் என்று தேய்ப்பார்.

அந்தச் சமயத்தில், ஆற்றில் விடும் அழுக்குக்கு ஏற்ப மில்காரர்கள் பணம் கட்ட வேண்டும் என்று அரசாங்கம் சொன்னது. அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை.

"காசு கட்டினா ஊத்தலாமா மாப்பிள்ளை? ஊத்தாதேன்னு சொல்லு, மீறினா மில்ல மூடு. முடிஞ்சிச்சு லா!"

"மூடினா உங்க பேத்திக்குப் பால்மாவு யாரு வாங்குறது, மாமா?"

"நான் வாங்குறேன். உங்களுக்கும் சேத்து ஒரு டின்னு!"

காசு என்றதும் மில் மேனேஜர் குளம் வெட்டி, கழிவைத் தேக்கித் தெளியவிட்டார். என் வீட்டுக்காரருக்கு ஒரே பெருமை. ஆனால் பழம் மிகுந்த மாதங்களில், காசைக் கட்டிவிட்டுக் கழிவை ஆற்றில் திறந்துவிடுவதே லாபம் என்று திறந்தார்கள். "நான் சொல்லல?" என்றார் அப்பா. பிறகு, காசே கொடுத்தாலும் இந்த அளவுக்கு மேல் விடக்கூடாது என்று அரசாங்கம் வரம்பும் போட்டது. இன்னும் குளங்கள் வெட்டினார்கள். மில்லும் மூடவில்லை.

ஒரு ஞாயிறு, துண்டில் சுற்றி ஒரு போத்தலோடு வந்து நின்றார்.

"நம்ம ஆத்துத் தண்ணி. மோந்து பாரு புள்ள."

திறந்தால், சமையலுக்கு ஊற்றும் சோயா கீச்சாப் வாசனை குப்பென்று அடித்தது.

"ஏங்க, போத்தலக் கழுவலையா?"

"கழுவினேனே... ஆத்துலதான்."

"மீனையும் பிடிச்சுப் போட்டிருந்தா சமைச்சிருக்கலாம் மாப்பிள்ளை!" என்று அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

இவர் சிரிக்கவில்லை. மகளின் காலைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னார்: "கொஞ்சம் நாறத்தான் செய்யுது புள்ள. முன்ன மாதிரி இல்ல. அவ்ளோதான் என்னால சொல்ல முடியும்."

நான் எழுந்துபோய்த் தொட்டில் சேலையை அவிழ்த்து மடித்துப் பையில் வைத்தேன்.